கோடிட்ட இடத்தில் எதிர்காலம்

போன மாதம் கோவில்பட்டியில் ஆங்கில ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய இருபது நிமிடத்தை நிரப்பத்தான் ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிடுவார்கள். வேலையில் இருந்தபோது நானும் அப்படிக் கூப்பிட்டவன்தான். பேசி முடித்ததும் ரேவதி என்ற இளம் ஆசிரியை எழுந்தார்.

"சார், இப்ப புக்குல 'ஷேல்' கிட்டத்தட்ட இல்லவே இல்ல. எல்லாத்துக்கும் 'வில்'தான். நீங்க நெசமாவே ஷேல் நடத்தியிருக்கீங்களா?"

மாட்டுவண்டியில் பள்ளிக்கூடம் போனீர்களா என்று கேட்கிற தொனி. அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சாப்பாடு தயார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் எந்த ஆசிரியரும் இலக்கணத்துக்காக உட்கார்ந்திருக்க மாட்டார். ரேவதிக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தினேன். அதில் பெரும்பகுதி ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டியே போயிற்று. நாளைக்கு நடக்கப் போவதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? தமிழில் இது ஒரு பாடே இல்லை. வந்தேன், வருகிறேன், வருவேன் என்று வினைச்சொல் காலத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆங்கில வினைக்கு இறந்தகாலத்துக்கு ஒரு வடிவம் உண்டு, நிகழ்காலத்துக்கு ஒன்று உண்டு, எதிர்காலத்துக்கு மட்டும் சொந்தமாக எதுவும் இல்லை. வில், ஷேல், கோயிங் டு என்று யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டுதான் அது நாளைக்குள் நுழையும். அத்தனை நாடுகளை ஆண்டவர்களின் வினைச்சொல்லுக்கு நாளைக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை என்று தெரிந்தபோது, எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

நான் பசுவந்தனைப் பக்கம் பிறந்தவன். வீட்டில் கரிசல் காடு உண்டு, கிணறு கிடையாது. பாளையங்கோட்டையில் பி.எட். முடித்தேன். அந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டவற்றில், கரும்பலகையில் கோணாமல் எழுதுவது மட்டும்தான் பிறகு பயன்பட்டது. கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவே இருந்த ஓர் உதவி பெறும் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே தலைமை ஆசிரியராக இருந்தவர் ஆசீர்வாதம் சார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. திங்கட்கிழமை ஒன்பது பத்துக்குப் பாடக்குறிப்பு நோட்டு அவர் மேசையில் இருக்க வேண்டும். ஒன்பது பதினொன்றுக்குக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். வகுப்பு நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பார். குறை கண்டால் உள்ளே வர மாட்டார். பழைய விடைத்தாளின் ஓரத்தைக் கிழித்து, சிவப்புப் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்புவார். எனக்கு வந்த முதல் துண்டுச்சீட்டில் இருந்தது 'ஷேல்?' என்பது மட்டும்தான். அந்தக் கேள்விக்குறியால் அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சங்கரன், 'ஐ'க்கும் 'வீ'க்கும் ஷேல். மத்த எல்லாருக்கும் வில். இதை மாத்திப் போட்டா அது உறுதி. கடம்பூர் போளி உங்களுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும் சார்."

"'ஐ ஷேல் ஈட் அனதர் போளி'ன்னா அது செய்தி. இன்னொரு போளி சாப்பிடப் போறேன், அவ்வளவுதான். 'ஐ வில் ஈட் அனதர் போளி'ன்னா அது என் வீட்டம்மாவுக்குச் சொல்லுற பதில்."

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல்தான் இதைச் சொன்னார்.

பலகையில் மூன்று கட்டம் போடச் சொல்வார். ஆள், துணை, வினை. முதலில் ஆளைப் பார்க்க வேண்டும், பிறகு துணையைக் கூப்பிட வேண்டும். துணை வந்துவிட்டால் வினையைத் தொடவே கூடாது. வில் கோஸ் கிடையாது, வில் வென்ட் கிடையாது. "துணை வந்துட்டா வினை வெறுங்காலோட நிக்கணும்" என்பார். பல வருடங்கள் இதை அச்சுப் பிசகாமல் நடத்தினேன். பிள்ளைகள் ஐ ஷேல், வீ ஷேல், யூ வில், ஹி வில் என்று கோரஸாகக் கத்துவது சத்துணவுக் கூடம் வரை கேட்கும். அது யார் காதில் விழுகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் 'நாளை மழை பெய்யும்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். புரட்டாசி மாதம். மழைக்கு முன்னாலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்கள் எங்களுடையவை. மகாலட்சுமி என்ற மாணவி எழுதாமல் கையைத் தூக்கினாள்.

"சார், நாளைக்குப் பெய்யும்னு யாரு சார் சொல்லுதா?"

"யாரும் சொல்லல. இது வாக்கியம்."

"வாக்கியமா இருந்தாலும் எங்க அய்யா காதுல விழுந்திரக் கூடாது சார். மிச்சக் காட்டையும் வெதச்சிருவாவ."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஜன்னலில் நின்றிருந்த ஆசீர்வாதம் சார், வழக்கத்துக்கு மாறாக உள்ளே வந்தார்.

"அப்ப உங்க அய்யா எப்படிச் சொல்லுவாரும்மா?"

"கெழக்க இருட்டிக்கிட்டு வந்தா, பெய்யப் போகுதும்பாவ. இல்லன்னா, பெஞ்சாலும் பெய்யும்பாவ."

"முதல்ல சொன்னது கோயிங் டு. ரெண்டாவது மே" என்றார் அவர். என்னைப் பார்த்து, "எழுதுங்க" என்றார். எழுதினேன்.

அன்று முதல் விதியைச் சொல்வதற்கு முன்னால் நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். யார் சொல்கிறார்கள்? எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? இந்த நொடியில் எடுத்த முடிவா, முன்னமே எடுத்ததா? பேருந்து கால அட்டவணைக்கு நிகழ்காலமே போதும் என்று புத்தகத்தில் இருந்தது. 'தி பஸ் லீவ்ஸ் அட் செவன்' என்று எழுதினால் பசுவந்தனைப் பக்கமிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவே இல்லை. எங்கள் ஏழு மணி வண்டிக்கு 'மே'தான் சரி என்று ஒரு வகுப்பே ஒரே குரலில் சொன்னது. இலக்கணப்படி தவறு, நடப்புப்படி சரி. முழு மதிப்பெண் போட்டேன்.

இனி செல்லத்தாய் விஷயத்துக்கு வருகிறேன். ரேவதி கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இவர்தான்.

செல்லத்தாய் எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் சமையலர். அப்போது நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் மதியம், பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டுக் கழுவிப் போன பிறகு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், பத்தாங்கிளாஸ்ல எனக்கு இங்கிலீசு ஒண்ணுதான் நிக்கு. மத்தது எல்லாம் அப்பவே பாஸ். அமைப்பாளரம்மா அடுத்த வருசம் ரிட்டயராகுதாவ. பத்து பாஸ் பண்ணியிருந்தா அந்த வேலைக்கு நான் எழுதிப் போடலாம்."

"எத்தனை வருஷமாச்சு படிப்பை விட்டு?"

"அத எண்ணாதீங்க சார். ஐ ஷேல், வீ ஷேல், யூ வில், ஹி வில். இங்கன உலை வச்சுக்கிட்டே எல்லாம் கேட்டுருக்கேன்."

மறுநாளே ஆரம்பித்தோம். மதியம் இரண்டே முக்கால் மணிக்கு எனக்குப் பாடம் இல்லை. நூலகம் என்று பெயர் எழுதி, இரண்டு அலமாரி மட்டும் வைத்திருந்த அறையில் உட்கார்ந்தோம். அவர் எடுத்துக்கொண்ட வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. கடிதம் எழுதுவது, விளம்பரத்தைப் பார்த்துப் பதில் சொல்வது எல்லாம் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிட்டன.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் வண்டி நின்றது. கோடிட்ட இடத்தை நிரப்புக. 'ஐ' என்று இருக்கும், பிறகு ஒரு கோடு, அடைப்புக்குள் 'கோ', அப்புறம் 'டு மதுரை டுமாரோ'. புதுப் பாடப்புத்தகப்படி கோட்டில் 'வில் கோ' என்று எழுத வேண்டும். செல்லத்தாய் 'வில் கோ அண்ட் கம்' என்று எழுதினார்.

முதல் தடவை சிரித்தேன். போறேன் என்று சொல்லக்கூடாது, போயிட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிற பழக்கம். இங்கிலீசுக்கு அந்தப் பழக்கம் தெரியாது என்று விளக்கினேன். மறுநாளும் 'வில் கோ அண்ட் கம்'தான். அடித்துவிட்டுச் சரியாக எழுதிக் காட்டினேன். அதற்கடுத்த நாளும் அதேதான். கேள்வியில் 'ஈட்' வந்தால் 'வில் ஈட்' என்று சரியாக எழுதுவார், 'ரைட்' வந்தாலும் சரியாக எழுதுவார். 'கோ' வந்தால் மட்டும் பின்னாலேயே 'கம்' வந்துவிடும்.

ஐந்தாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"செல்லத்தாயி, கோடு ஒண்ணுதான் இருக்கு. அதுல போறதுக்கு மட்டும்தான் இடம் இருக்கு. திரும்பி வாரதுக்கு இடம் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார். நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் நானே சத்துணவுக் கூடத்துக்குப் போனேன். அவர் சந்தைக்குக் காய் வாங்கப் போயிருந்தார். உதவியாளர் அன்னம்மாள் மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார் அன்னம்மாள். "அவ வீட்டுக்காரரு லாரி ஓட்டினவரு. தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டுப் போவாரு. எப்பவும் போயிட்டு வாரேன்னு சொல்லுத மனுசன், அன்னைக்கு லேட்டாயிருச்சுன்னு, போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே ஓடியிருக்காரு. கயத்தாறு தாண்டல. பாடியத்தான் கொண்டாந்தாவ."

வகுப்பறையில் எத்தனையோ தடவை தவறு செய்திருக்கிறேன். பிள்ளைகளே திருத்தியிருக்கிறார்கள், நானும் நன்றி சொல்லி அழித்திருக்கிறேன். இந்தத் தவறை அழிக்க டஸ்டர் இல்லை. அன்னம்மாள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பார்த்தபடி நின்றேன்.

செல்லத்தாய் பையோடு வந்ததும் சொன்னேன். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியாது. அந்த ஒரு மார்க்கை விட்டுருவோம். அது இல்லாமலே நீங்க பாஸ் பண்ணிரலாம்."

அவர் பையை இறக்கிவைத்தார்.

"விடணும்னு நான் சொன்னனா சார்? கை வரமாட்டேங்குது, அவ்வளவுதான். நாலு நாளா வீட்டுல எழுதிப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு மார்க்ல பெயிலானவியள எனக்குத் தெரியும். நாளைக்கு வாரேன்."

வந்தார். ஆனால் அன்று ஜன்னலில் ஆசீர்வாதம் சார் நின்றிருந்தார். சாயங்காலம் துண்டுச்சீட்டு வந்தது. 'வரவும்.' அந்தப் பள்ளியில் நான் பார்த்த சீட்டுகளிலேயே மிக நீளமான வார்த்தை அதுதான்.

"சங்கரன், பள்ளி நேரம் பிள்ளைங்களுக்கு. உங்களுக்குப் பாடம் இல்லைன்னாலும் அது பிள்ளைங்க நேரம்தான்."

"தெரியும் சார். ஆனா இதை நிறுத்த முடியாது. பரீட்சை வரைக்கும் நடத்தியே தீருவேன். மெமோ குடுத்தா வாங்கிக்கிடுதேன்."

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார், "நாலு பத்துக்குக் கடைசி மணி. நாலு இருபதுக்கு அந்த அம்மாவ என் ரூமுக்கு வரச் சொல்லுங்க. நீங்களும் இருங்க. ஷேல் நான் நடத்துறேன்."

அங்கேதான் அடுத்த சிக்கல். அப்போது வந்திருந்த பாடப்புத்தகம் எல்லா ஆளுக்கும் 'வில்' என்றுதான் போட்டிருந்தது. விடைக்குறிப்பும் அப்படித்தான் வரும். முதல் நாளே அவர் 'ஐ ஷேல்' என்று பலகையில் எழுத, நான், "சார், பரீட்சைக்கு வில்" என்றேன். அவர், "பரீட்சைக்காக இலக்கணத்தை மாத்த முடியாது" என்றார். நான், "இலக்கணத்துக்காக இவங்க பெயிலாக முடியாது" என்றேன். இரண்டு பேரும் மாறி மாறிப் பலகையில் எழுதினோம், மாறி மாறி அழித்தோம். சுண்ணாம்புத்தூள் பறந்தது.

செல்லத்தாய் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க சார். பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாளுதான் இருக்கு. நான் அதுக்குள்ள போயி நாளைக்குப் பருப்பு இருக்கான்னு பாத்துட்டு வாரேன்."

ஆசீர்வாதம் சார் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பலகையில் 'ஐ' எழுதி, மேலே தலைப்பிரட்டை போல ஒரு சிறு குறி போட்டு, பக்கத்தில் இரண்டு 'எல்' எழுதினார்.

"ஐ'ல்" என்று படித்தார். "இதுல ஷேலும் அடக்கம், வில்லும் அடக்கம். இதைப் பார்த்து எந்த வாத்தியாரும் மார்க் குறைக்க முடியாது. லெட்டர்ல, உரையாடல்ல எல்லாம் இதையே எழுதுங்கம்மா. கோடிட்ட இடத்துல மட்டும்..." ஒரு கணம் நிறுத்தினார். "கோடிட்ட இடத்துல வில் போடுங்க."

முப்பது வருடம் ஷேலைக் காவல் காத்த மனிதர் அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

'கோ' விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. செல்லத்தாயே சொன்னார், மறுநாள், யாரும் கேட்காமலே. ஆசீர்வாதம் சார் முழுவதையும் கேட்டார். பிறகு பாடம் நடத்துகிற அதே குரலில் சொன்னார்.

"அம்மா, பழைய கணக்குல 'ஐ ஷேல் கோ'ன்னா போகப் போறேன், அவ்வளவுதான். நடக்கப் போறது. 'ஐ வில் கோ'ன்னா அது நம்ம மனசு. நான் முடிவு பண்ணித்தான் போறேன்னு அர்த்தம். முடிவு பண்ணிப் போறவங்க, திரும்பி வர்றதையும் முடிவு பண்ணிட்டுத்தான் போறாங்க. அதனால வில் கோன்னு எழுதினா கம் உள்ளேயே இருக்கு."

நான் அவரை வியந்து பார்த்தேன். எந்த இலக்கண நூலிலும் இப்படி இல்லை.

செல்லத்தாய் யோசித்தார். "அப்ப, அவிய அன்னைக்குப் போறேன்னு சொன்னாவல்லா சார், அது ஷேலா, வில்லா?"

ஷேல் பற்றி எந்தக் கேள்விக்கும் ஆசீர்வாதம் சாரிடம் பதில் இருக்கும்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

"உங்களுக்கே தெரியலையா?" என்றார் செல்லத்தாய். அதில் ஏமாற்றம் இல்லை. ஏதோ ஒரு சுமையை இன்னொருவரும் ஒரு கை பிடித்தது போல இருந்தது அவர் குரல். நோட்டைத் திறந்தார். கோட்டில் 'வில் கோ' என்று எழுதினார். பேனா 'கோ'வோடு நின்றது.

"நான் போறது வில் சார்" என்றார்.

பரீட்சை வந்தது. கயத்தாறில் ஒரு பள்ளியில் தனித்தேர்வர்களுக்கு மையம். காலையில் பிள்ளைகளுக்கு வேண்டியதையெல்லாம் அன்னம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, ஒற்றை ஆளாகப் பேருந்து ஏறினார். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். முடிவு வந்த அன்று ஆசீர்வாதம் சார் அலுவலகக் கணினி முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆங்கிலத்தில் ஐம்பத்து மூன்று. ஒரு துண்டுத்தாள் கிழித்து, 'பாஸ்' என்று எழுதி, என்னிடம் கொடுத்துச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பினார். அந்தச் சீட்டில் கேள்விக்குறி இல்லை.

அந்த வருடக் கடைசியில் ஆசீர்வாதம் சார் ஓய்வு பெற்றார். செல்லத்தாய்க்கு எங்கள் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, கடம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு அமைப்பாளராக உத்தரவு வந்தது. சொல்லிக்கொள்ள வந்தவர், ஆசிரியர் அறையில் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை அந்த அறையின் வாசலில் நின்றுதான் பேசியிருக்கிறார்.

"பரீட்சைல என்ன வந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்."

"கேக்கப் பயமா இருந்துச்சு. 'கோ' வந்துச்சா?"

"வரல. 'ஐ'யும் வரல. 'ஹி' வந்துச்சு." விரலால் என் மேசைமேல் ஒரு கோடு போட்டுக் காட்டினார். "ஹி, அப்புறம் கோடு, அடைப்புக்குள்ள ரிட்டன், அப்புறம் டுமாரோ."

அவர் நாளைக்குத் திரும்பி வருவார் என்று அர்த்தம்.

"வில் ரிட்டன்னு எழுதினேன் சார். அது பொய்யின்னு தெரியும். மார்க்குக்காகத்தான் எழுதினேன். எழுதிட்டுப் பேனாவ வச்சிட்டு அதையே ரெண்டு நிமிசம் பாத்துக்கிட்டு இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு." மேசைமேல் போட்ட கோட்டை உள்ளங்கையால் துடைத்தார். "அப்புறம் அடுத்த கேள்விக்குப் போனேன்."